அல்ப்ரசோலமா, பஸ்பிரோனா, எசிட்டலோபிராமா?

பதற்றத்துக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளில் எது ஸ்ட்ராங் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு நேரத்தில் கேட்கும், நிறுத்தும்போது என்ன பாடு படுத்தும் என்று பார்ப்பதுதான் உபயோகம்.

முதலில் அல்ப்ரசோலம். குளோனசெபம், லோராசெபம், டயசெபம் எல்லாம் இதே பென்சோடயசெபைன் குடும்பம். நரம்பணுக்களின் துள்ளலை அடக்க மூளையிலேயே காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. அது ஒட்டும் ஏற்பியில் வேறோர் இடம் பார்த்து இந்த மருந்து ஒட்டிக்கொண்டு, காபாவின் வேலைக்கு வலுக்கூட்டுகிறது. குளோரைடு அயனிகள் கூடுதலாக உள்ளே போக, நரம்பணு லேசில் தூண்டப்படுவதில்லை. பலன் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இந்த வேகம்தான் அதன் கவர்ச்சி, ஆபத்தும் அதுவேதான்.

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று ஆளை அமுக்கும் கடும் பயம், வந்தவுடன் மாத்திரையைத் தேடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கத் தொடங்கும். மாத்திரை கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் பாதி அடங்கியிருக்கும். ஆனால் நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை அது பையில் இல்லையென்றாலே பயம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல். அல்ப்ரசோலத்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 11 மணி நேரம். தினமும் எடுப்பவர்களில் சிலருக்கு அடுத்த வேளைக்கு முன்பே மருந்து இறங்கி, பதற்றம் எட்டிப் பார்க்கும். நோய் முற்றுகிறது என்று நினைத்து டோஸைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. 30 மணி நேரத்துக்கு மேல் அரை ஆயுள் கொண்ட குளோனசெபத்தில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. எதுவானாலும் நாள்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மதுவோடோ மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணியோடோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். வயதானவர்கள் தடுமாறி விழுவதும் இதனால் கூடுகிறது.

எசிட்டலோபிராம் நேர் எதிர். செரோடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கும். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் சிலருக்குப் படபடப்பு கூடவே செய்யும். அதனால்தான் பல டாக்டர்கள் 5 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். 'சேரலை' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். பாலுறவு ஆர்வம் குறைவதும் உண்டு, அதை டாக்டரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. இத்தனை இருந்தும், மாதக்கணக்கில் நீடிக்கும் பதற்றத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஏங்க வைக்காது, பேனிக்கையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். ஆனால் இதையும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

பஸ்பிரோன் அவ்வளவாகப் பேசப்படாத மருந்து. 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செரோடோனின் ஏற்பிகளில் ஒரு வகையைப் பாதியளவு தூண்டும். அதிகம் தூக்கம் வராது, பழக்கமாகிவிடாது, பாலுறவுத் தொல்லையும் குறைவு. ஆனால் உடலிலிருந்து சீக்கிரம் நீங்கிவிடுவதால் தினமும் இரண்டு மூன்று வேளை எடுக்க வேண்டும், பலனுக்குச் சில வாரம் காத்திருக்கவும் வேண்டும். தலைசுற்றல், குமட்டல் வரலாம். பேனிக் அட்டாக்குக்கு உதவாது. சாப்பாட்டோடு எடுத்தால் எப்போதும் சாப்பாட்டோடுதான். கிரேப்ஃப்ரூட் சாறு நிறையக் குடித்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறிவிடும்.

அல்ப்ரசோலத்தின் சட்டென்ற நிம்மதிக்குப் பழகியவருக்கு இது வெறும் சுண்ணாம்பு மாத்திரையாகத் தோன்றும். அதைவிட முக்கியம், பென்சோடயசெபைனை நிறுத்தும்போது வரும் தொல்லைகளைப் பஸ்பிரோன் தடுக்காது. அதனால் இன்று அதை விட்டு நாளை இது என்று மாற முடியாது. பஸ்பிரோனைத் தொடங்கி, அது பிடிக்க நேரம் கொடுத்து, அல்ப்ரசோலத்தை டாக்டர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைப்பார்கள்.