யு/ஏ 16+க்கு உள்ளே விடுவார்கள், ‘ஏ’க்கு விடமாட்டார்கள்

போன தீபாவளிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். “அண்ணே, சினிமா டிக்கெட்ல யு/ஏ 16+னு போட்டிருக்கு. சின்னவனுக்கு ஒன்பது வயசுதான். உள்ள விடுவாவளா?”

“விடுவாங்க, ஆனா கூட்டிட்டுப் போகாதே” என்றேன். குழம்பிவிட்டாள். குழப்பம் அவள் மேல் இல்லை.

1952ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டப்படி, தணிக்கையில் தரும் முத்திரை முதலில் எல்லாரும் பார்க்க ‘யு’, பெரியவர்களுக்கு ‘ஏ’ என்று இரண்டுதான். 1983இல் நடுவே ‘யு/ஏ’ வந்தது. மருத்துவர்கள் போன்ற தனிப் பிரிவினருக்கான ‘எஸ்’ஸும் அப்போதுதான் வந்தது, அதை நம் ஊர்த் தியேட்டரில் தேட வேண்டாம். பழைய யு/ஏவுக்கு, 12 வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்ற ஒரே கோடு. சிரிப்புப் பேய்ப் படமும் அரிவாள் வெட்டுப் படமும் ஒரே முத்திரையோடு வந்தன. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழையதா புதியதா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு புதியது என்பேன்.

ஆனால் இந்த மூன்று எண்ணும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டுமே. 16+ படத்துக்கு ஒன்பது வயசுப் பையனை அழைத்துப் போனால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க வேண்டியதில்லை. ‘ஏ’ அப்படி இல்லை. 18 முடியாதவரை உள்ளே விடக் கூடாது, அப்பா அம்மா கூடவே வந்தாலும் சரி. ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் மீசை முளைத்த பிளஸ் டூ பையனிடம் ஆதார் கேட்டு, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு நாள் அதே தியேட்டரில், ‘ஏ’ படத்துக்கு ஒரு குடும்பம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உள்ளே போனது. ஒரு ஆள் கேட்கவில்லை.

சரி, 16+க்கும் ‘ஏ’க்கும் படத்தில் எவ்வளவு தூரம்? சில சமயம் சில வெட்டுகள்தான். ‘ஏ’ வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, குடும்பக் கூட்டமும் வராது. அதனால் தயாரிப்பாளர்கள் நாலு காட்சியை வெட்டி, ரெண்டு வார்த்தையை ஊமையாக்கி, யு/ஏவுக்குள் வந்துவிடப் பார்ப்பார்கள். ஜிஎஸ்டி வருவதற்கு முன் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கு ‘யு’ வேண்டும் என்று இருந்ததால், அப்போது ‘யு’வுக்கே இந்த இழுபறி நடந்தது. ஆகவே 16+ என்று பார்த்தால் அதை ‘ஏ’வின் பக்கத்து வீடு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது. அங்கே ‘15’ என்றால் 14 வயசுப் பிள்ளையை யார் அழைத்துப் போனாலும் விடமாட்டார்கள். அமெரிக்காவில் ‘ஆர்’ படத்துக்கு 17க்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களோடு போகலாம். அது சட்டமும் அல்ல, திரைத்துறை தானாக வைத்துக்கொண்ட ஏற்பாடு.

வீட்டில் ஓடிடியிலும் இதே 7, 13, 16தான். ஆனால் அதைத் தணிக்கை வாரியம் தருவதில்லை. 2021 விதிகளின்படி அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. தியேட்டரில் வெட்டிய காட்சி அங்கே முழுசாக இருக்கவும் கூடும். ஆனாலும் சின்னப் பிள்ளை இருந்தால் என் ஓட்டு வீட்டுக்குத்தான். வன்முறையா, கெட்ட வார்த்தையா என்று காரணத்தையும் திரையில் போடுகிறார்கள். 13+லிருந்து பூட்டு வசதி உண்டு. பிள்ளை மிரண்டால் நிறுத்திவிடலாம். தியேட்டரில் அந்தச் சத்தத்தில் எழுந்து வெளியே வந்தால் டிக்கெட் காசு போச்சு, பெரியவன் முகமும் தொங்கிப்போகும்.

தங்கச்சி கடைசியில் சின்னவனை ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போனாள். பாட்டியும் பேரனும் டிவியில் பேய்ப் படம் பார்த்தார்களாம். ராத்திரி விளக்கை அணைக்கவிடாதது ஆச்சி.