‘வலியில்லாப் பிரசவம்’ பலகையை நம்பலாமா?

தனியார் மருத்துவமனை வாசலில் ‘வலியில்லாப் பிரசவம்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் எபிடூரல்தான்; அதாவது முதுகில் மெல்லிய குழாய் வைத்து அதன் வழியே வலியைக் குறைக்கும் மருந்து செலுத்துவது. சேவை நல்லது, பெயர்தான் தவறு. வலி வெகுவாகக் குறையும். ஆனால் வயிறு இறுகுவதும், தலை இறங்கும்போது கீழே அழுத்துவதும் தெரியும். தெரிந்தால்தான் முக்க முடியும். முழுக்க மரத்துவிடும் என்று நம்பி வருபவர்கள்தான் கடைசி நேரத்தில் பதறிப்போகிறார்கள்.

டிரிப்ஸ் ஏற்றி, உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ முதுகை வளைக்கச் சொல்வார்கள். ஊசி இறங்கும்போது பிரசவ வலி எடுத்தால் வாயால் சொல்லுங்கள், அசையாதீர்கள்; மருத்துவர் நிறுத்திக்கொள்வார். ஊசி வெளியே வந்துவிடும், உள்ளே இருப்பது மெல்லிய குழாய் மட்டுமே. சோதனைக்குக் கொஞ்சம் செலுத்திப் பார்த்த பிறகு, 0.1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ நீர்த்த பூபிவாக்கெய்ன் என்ற மரக்கச் செய்யும் மருந்து, கூடவே மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலி நிவாரணி. பிடிக்க 15-20 நிமிடம் ஆகும். ரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் அந்த நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காத இடம் சரியான இடமல்ல.

ஒரு பக்கம் மட்டும் மரத்தால் குழாய் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். சற்று வெளியே இழுத்துக் கூடுதல் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். தண்டுவட உறையில் ஊசி பட்டுவிடுவது ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு நேரும். அதனால் தலைவலி வரலாம்; உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் அடங்கும். அந்தத் தலைவலிக்குச் சிகிச்சை உண்டு.

‘முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி’ என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவே. சிசேரியன் வாய்ப்பும் இதனால் கூடுவதில்லை. முக்கும் கட்டம் நீளலாம் என்பது மட்டும் உண்மை.

எட்டாம் மாதமே கேட்க வேண்டியது: இரவு 2 மணிக்கும் மயக்க மருத்துவர் உள்ளேயே இருப்பாரா? கூப்பிட்டால் வருவார் என்றால், மருந்து தீரும்போதும் அதே காத்திருப்புதான். கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா, தனியா என்றும் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர்கள் கடைசியாகப் போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்த வகையில், ரத்தக்கட்டி வராமல் தடுக்கும் குறைந்த அளவில் போடும் எனாக்சாபரின் என்றால் 12 மணி நேரம் கழிந்தால்தான் முதுகில் கை வைப்பார்கள்.