பிரெத் ஆஃப் தி வைல்ட்: நூறு மணி நேரம் தாண்டியும் ஹைரூலைச் சுற்றலாமா?

திறந்த உலக கேம்கள் பலவற்றில் ஒரு டவர் ஏறியதும் மேப் முழுக்கக் குறியீடுகள் வந்து விழும். அதன்பின் செய்வது தேடலில்லை, பட்டியலை அடிப்பதுதான். 2017 மார்ச்சில் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் இந்த இடத்தில்தான் விலகி நிற்கிறது. இதன் ஹைரூல் உலகத்திலும் 15 டவர்கள் உண்டு. ஏறினால் நிலப்படம் மட்டும் திறக்கும், எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லாது. உச்சியில் நின்று ஸ்கோப்பில் பார்த்து, சந்தேகப்படும் இடங்களில் நாமே பின் குத்த வேண்டும். ஒரு நேரத்தில் 5 பின்கள், 100 முத்திரைகள்வரை வைக்கலாம். கண்ணில் பட்டதை நோக்கிப் போவது நம் முடிவு என்பதால், ஒரு ஷ்ரைன் (சோதனை அறை) கிடைத்தாலும் அது நாம் கண்டுபிடித்ததாகவே இருக்கிறது.

இந்த உணர்வு கெடாமலிருக்க செட்டிங்ஸில் ஹட் (திரையில் தெரியும் தகவல்கள்) முறையை 'ப்ரோ'வுக்கு மாற்றுங்கள். மினிமேப் மறையும், கண் தானாக மலைமுகட்டுக்குப் போகும். ஷ்ரைன் சென்சாரையும் அணைத்துவிடுங்கள். அது பீப் அடித்தால் கால் அதன் பின்னால்தான் போகும்.

ஏறுவதில் பலர் சலிப்பது மழையால். ஈரப் பாறையில் சில அடி ஏறியதும் சறுக்கும். தாவித் தாவி ஏறினாலும் ஸ்டாமினா (ஏறும் தெம்பு) கரையும் அளவுக்கு உயரம் கிடைக்காது. பாறைக்கு அடியில் ஒதுங்கி, விறகுக்கட்டையும் சிக்கிமுக்கிக் கல்லும் போட்டு இரும்பு ஆயுதத்தால் அடித்தால் தீ பற்றும். அதனருகே உட்கார்ந்து காலைவரை நேரத்தை ஓட்டலாம். இடி இடித்தால் இரும்புப் பொருள்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் மின்னல் உங்கள் மேல்தான். உயரமான சுவர்களுக்கு எண்டூரா கேரட் ஒன்றைத் தனியாகச் சமைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாமினா முழுதும் நிரம்பி, கூடுதலாகவும் கொஞ்சம் வரும். அதோடு இதயங்களை நிரப்பும் ஹார்ட்டி வகைப் பொருளைக் கலந்தால் இரண்டு பலனும் அடிபட்டுப் போகும். புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

ஷ்ரைன்கள் 120. ஒவ்வொன்றையும் முடித்தால் ஓர் உருண்டை கிடைக்கும், நான்கு உருண்டைக்கு ஒரு இதயம் (உயிர் அளவு) அல்லது ஸ்டாமினாவில் ஒரு பங்கு. ஆரம்பத்தில் ஸ்டாமினாவுக்கே கொடுப்பது நல்லது, ஏனென்றால் உலகத்தைத் திறப்பது அதுதான். இந்த 120 ஷ்ரைனையும் முடித்தாலும் இரண்டும் ஒருசேர உச்சத்துக்குப் போகாது. மாஸ்டர் வாளை எடுக்க 13 இதயம் வேண்டும். அப்போது ஹடேனோ கிராமத்துக் கொம்புச் சிலையிடம் ஸ்டாமினாவைக் கொடுத்து இதயமாக மாற்றலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 ரூப்பீ (கேமின் பணம்) நஷ்டம், அவ்வளவே.

சுவை குறைவது எங்கே? முதலில் முகாம்களின் பரிசுப் பெட்டிகளில். எதிரி முகாமை அழிக்க இரண்டு மூன்று ஆயுதம் உடையும், உள்ளே கிடைப்பது சில நேரம் அதைவிட மட்டமான ஒன்று. பை நிறைந்திருந்தால் அதையும் எடுக்க முடியாது. சிவப்பு நிலா வந்ததும் முகாம் மீண்டும் நிரம்பும். அவசியமில்லாத முகாமைச் சுற்றிக்கொண்டு போவதே நடைமுறைக்கு உகந்தது.

அடுத்தது கோரோக் விதைகள், சிறு புதிர்களுக்குப் பரிசாகக் கிடைத்து, ஹெஸ்டு என்ற பாத்திரத்திடம் கொடுத்தால் பைகளை விரிப்பவை. மொத்தம் 900. ஒரு கல் குறைந்த கல்வட்டம், மூன்று மரங்களில் சமமாக வைக்க வேண்டிய பழங்கள், தாமரை இலை வட்டத்துக்குள் ஒரு குதி. முதல் ஐம்பதில் 'இங்கேயும் ஒன்றா!' என்று வியப்பு வரும். இருநூறைத் தாண்டினால் தூரத்திலேயே விடை தெரிந்துவிடும். எல்லாப் பைகளையும் முழுதாக விரிக்க 441 விதை போதும். முழுத் தொள்ளாயிரத்துக்கும் கிடைக்கும் பரிசால், ஹெஸ்டுவை ஆடச் சொல்லிப் பார்ப்பது தவிர வேறு பயனில்லை. ஆயுதப் பை ஓரளவு பெருத்ததும், வழியில் கண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்துங்கள். இணைய மேப்பைத் திறந்து ஒவ்வொன்றாக அடிப்பதில் இந்த உலகத்தின் அருமையே போய்விடுகிறது.

எக்ஸ்பான்ஷன் பாஸ் (தனியாக வாங்கும் கூடுதல் பகுதி) இருந்தால் 'ஹீரோஸ் பாத்' முறையைப் பயன்படுத்துங்கள். கடைசி 200 மணி நேரத்தில் நீங்கள் நடந்த தடத்தை மேப்பில் பச்சைக் கோடாகக் காட்டும். எண்பது மணி நேரம் ஆடியவர் மேப்பில்கூட ஹெப்ரா பனிமலையிலும் தென்கிழக்குக் கடலோரத்திலும் பெரிய வெற்றிடங்கள் இருக்கும். கோடே படாத ஓர் இடத்தில் ஒரு பின் குத்தி, வேகப் பயணம் இல்லாமல் நடந்து போங்கள். அந்தத் தென்கிழக்கு மூலையில்தான் ஈவன்டைடு தீவு இருக்கிறது. கிளைடரில் போய் இறங்கியதும் கையிலிருந்த ஆயுதம், உடை, உணவு எல்லாம் பறிபோய், கரையில் கிடக்கும் மரக்கட்டையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.