புல்தரையா, குளோவரா?

வீட்டுத் தோட்டத்தில் வெறும் தரையை மூட எதை விதைக்கலாம், புல்லா, குளோவர் என்ற மூவிலைப் படர்செடியா? பிள்ளைகள் ஓடி விளையாட, பந்து உதைக்க புல்தரைக்கு ஈடு இல்லை, மிதித்தாலும் நிமிர்ந்துவிடும், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் தயவுசெய்து ஒட்ட வெட்டாதீர்கள்! குளிர்ப்பிரதேசப் புல் வகை என்றால் 7, 8 சென்டிமீட்டர் உயரம் விட்டு, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டினால் வேர் ஆழமாக இறங்கும், மண்ணில் நிழல் விழுவதால் களையும் குறையும். வெட்டிய துணுக்கை வாரவேண்டாம், அதுவே உரம்.

வெள்ளைக் குளோவர் பயறு குடும்பம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும், ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, அப்புறம் யூரியா எதற்கு? அடிக்கடி வெட்டவும் வேண்டாம். பூத்தால் தேனீ வரும், எனக்கு அது பெரிய சந்தோஷம், ஆனால் வெறுங்காலில் நடப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும். தினமும் ஒரே தடத்தில் மிதித்தால் தாங்காது. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் களைக்கொல்லி பட்டாலும் போச்சு.

சரி, என்னைக் கேட்டால் இரண்டையும் கலந்தே விதைப்பேன், குளோவர் பிடிக்கும் நைட்ரஜன் பக்கத்துப் புல்லுக்கும் போய்ச்சேரும்.