பொதிகையா, நம்பி மலையா, செண்பகாதேவியா?

பாபநாசம் பஸ்ஸில் ஏறி அம்பாசமுத்திரத்தைத் தாண்டினால் மேற்கே மலை முழுக்கத் தெரியும். தெரிகிற மலையில் எல்லாம் ஏறிவிட முடியாது என்பதுதான் நெல்லைச் சீமைக்காரர்களின் தீராத குறை. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. அதனால் எது உயரம், எது அழகு என்று ஒப்பிடுவதற்கு முன்னால், எந்த கேட் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாஞ்சோலை, குதிரைவெட்டி இந்தக் கணக்கில் சேராது. அது கார் சவாரி. தேயிலையும் மேகமும் பார்க்கலாம், கால் வலிக்காது. நடக்க வேண்டும் என்பவர்களுக்கு என் பட்டியலில் மூன்றுதான்.

முதலில் நம்பி மலை. திருக்குறுங்குடியில் நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி என்று நான்கு பெருமாள்கள் கீழே. ஐந்தாமவர் மலைமேல் நம்பி, காட்டுக்குள். சாமி கும்பிட வருகிறவர்கள் இருப்பதால்தான் இந்தத் தடம் வருஷத்தில் பெரும்பகுதி திறந்திருக்கிறது. வள்ளியூரிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ சுலபமாக வந்துவிடலாம். முன்பதிவு, வழிகாட்டி என்று எதுவும் தேவையில்லை. அடிவாரச் செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக்கும் தீப்பெட்டியும் மேலே போகாது. சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும், கரடி நடமாட்டம் உள்ள இடம்.

குறை என்னவென்றால், ஜீப் போகிற தடம்தான் நடக்கிற தடமும். ஜீப் உறுமிக்கொண்டு வந்தால் ஓரம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கின பிறகு நடையைத் தொடர வேண்டும். ஆனால் இரண்டு ஜீப்புக்கு நடுவே கிடைக்கிற அமைதி இருக்கிறதே, அதற்காகவே போகலாம். ஆற்றுச் சத்தம் கூடவே வரும். தலைக்கு மேலே கருமந்தி கிளை தாவும்போது சருகு உதிரும். கோவிலுக்குக் கீழே ஆற்றில் காலை விட்டு உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து குதிகாலைக் கொத்தும். புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம். மலைக்கு வந்த மாதிரியே இருக்காது, தேரோட்டத்தன்று ரதவீதியில் நிற்கிற மாதிரி இருக்கும்.

செண்பகாதேவி அருவி குற்றாலம் பேரருவிக்கு மேலே, சிற்றாற்றின் ஓரமாக ஏறிப் போகிற குறுகிய நடை. மேலே ஒரு அம்மன் கோவில். சித்ரா பௌர்ணமிக்கு விசேஷம். ஒரு காலத்தில் சீசனுக்கு வந்தவர்கள் எல்லாம் ஏறினார்கள். இப்போது வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் நாற்பது தடங்களில் இதுவும் ஒன்று, காரையாறும் ஒன்று. இணையத்தில் பதிந்து வழிகாட்டியோடு போகலாம். சாரல் காலத்தில் பாறை பாசி பிடித்து வழுக்கும். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு மாணவனின் உயிர் அப்படித்தான் போயிற்று. வழிகாட்டி திரும்பச் சொன்னால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அப்புறம் பொதிகை. 1868 மீட்டர். தாமிரபரணி பிறக்கிற மலைக்கு நாம் திருவனந்தபுரம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், பூங்குளம் என்று போன பழைய வழி மூடிக் கிடக்கிறது. இப்போதிருப்பது கேரளத்துப் போனக்காடு வழி ஒன்றுதான். ஜனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் விடுவார்கள். முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடம் தீர்ந்துவிடும். மருத்துவச் சான்றிதழும் வேண்டும். பெண்களை விடாமல் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் சொன்ன பிறகு 2019 ஜனவரி முதல் அவர்களும் ஏறுகிறார்கள்.

போகவரச் சுமார் 40 கிலோமீட்டர். முதல் நாள் ஆறுகளைக் கடந்து, நிழலே இல்லாத புல்வெளியில் வெந்து, அப்புறம் முட்டிடிச்சான் தேரி. ஒவ்வொரு அடிக்கும் முட்டி மோவாயில் இடிக்கிற ஏற்றம். பேரில் மிகை எதுவும் கிடையாது. ராத்திரி அதிருமலை முகாமில் கஞ்சி, பாய், குளிர். மறுநாள் உச்சிக்குக் கடைசி ஏற்றம் மொட்டைப் பாறையில், கயிற்றைப் பிடித்து. வழிகாட்டிகளாக வருகிற காணிக்காரப் பழங்குடியினரிடம் பேச்சுக் கொடுங்கள். களைப்பில்லாமல் நடக்க அவர்கள் மென்ற காயை விசாரித்துத்தான் 1987-இல் விஞ்ஞானிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் குணத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

பொதிகை அணைந்த எரிமலை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை. இது பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னோக்கைட் பாறை. எரிமலைப் பாறையில்தான் ஏற வேண்டும் என்றால் மகாராஷ்டிரத்துச் சயாத்ரிக்குப் போங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய குழம்பு அடுக்கடுக்காக உறைந்த மலை அது. அங்கே உயரமான கல்சுபாய் 1646 மீட்டர். பொதிகைக்கு 200 மீட்டருக்கு மேல் குறைவு. வித்தியாசம் காலில் தெரியும். அங்கே ஒரு மேடை, ஒரு செங்குத்து, மறுபடி மேடை. செங்குத்தில் இரும்பு ஏணி போட்டிருக்கிறார்கள். இங்கே உருண்டு திரண்ட பாறை, ஏணி நிறுத்த விளிம்பே இருக்காது. கல்சுபாய்க்கு மழைக்காலத்தில்தான் கூட்டம். பொதிகையில் மழைக்காலத்தில் காலே வைக்க முடியாது. ஒரே நாளில் ஏறி இறங்கலாம் என்பது கல்சுபாய்க்கு ஒரு வசதி. ஆனால் ரயில் செலவையும் லீவையும் கணக்குப் பண்ணினால் நெல்லைக்காரருக்கு அது தோதுப்படாது.

சரி, எது? சாரலுக்கு வந்த சென்னைச் சொந்தக்காரர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் செண்பகாதேவி போதும். எனக்கு நம்பி மலைதான். நினைத்த வாரம் போகலாம், பஸ் காசோடு முடிந்துவிடும், அலுத்தால் திரும்பும்போது ஜீப் இருக்கிறது. பொதிகையை அடிக்கடி போகிற இடமாக நினைக்க வேண்டாம். ஆனால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஒரு தடவை போய்விட வேண்டும். அதற்கு முன்னால் டிசம்பரில் மழை விட்ட நாளாகப் பார்த்து, ஜீப் இல்லாமல் நம்பி மலைக்கு ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழகிவிடும். இறங்கும்போது முட்டி வலித்தால் அந்த வருஷம் முன்பதிவு செய்யாதீர்கள்.