‘வொய்’ என்று தட்டிப் பார்த்தால்: மூன்று இணைய அகராதிகள்

ஓர் அகராதியின் தரம் பார்க்க அரிய சொல்லைத் தேட வேண்டியதில்லை. அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். எந்த அகராதியும் சமாளித்துவிடும். தினமும் புழங்கும் பொடிச்சொல்லில்தான் சரக்கு தெரியும். இங்கே எடுத்துக்கொண்டது டபிள்யூ, எச், ஒய் என்ற மூன்றெழுத்துச் சொல், ‘வொய்’. எட்டிமான்லைன், ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பு ஆகிய மூன்றிலும் அதைத் தேடிப் பார்த்ததன் விவரம் இது. மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

எட்டிமான்லைன் டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதர் தொடங்கிய சொற்பிறப்பு அகராதி. பழைய ஆங்கிலத்தின் ‘ஹ்வி’யிலிருந்து வந்தது ‘வொய்’ என்றும், அந்த ‘ஹ்வி’ ‘வாட்’டின் கருவி வேற்றுமை வடிவம் என்றும் அது சொல்கிறது. ஆங்கிலம் மட்டும் படித்தவர் இந்த இடத்தில் விழிப்பார், ஏனென்றால் இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அந்த வேற்றுமையே இல்லை. தமிழ் படித்தவருக்கு இது பள்ளிக்கூடப் பாடம்: மூன்றாம் வேற்றுமை, உருபு ‘ஆல்’. எது + ஆல் = எதனால். ‘வொய்’யும் அதே அச்சில் வார்த்ததுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. நாம் காரணத்துக்கு ‘எதனால்’, நோக்கத்துக்கு ‘எதற்காக’ என்று உருபை மாற்றுகிறோம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் ஏற்றிவிட்டது.

இதே பதிவில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வரியில் கருவி வேற்றுமை, சற்றுத் தள்ளி இட வேற்றுமை (நம் ஏழாம் வேற்றுமை) என்று இருக்கும். முரண் அல்ல. பழைய ஆங்கில இலக்கணத்தில் அது கருவி வேற்றுமையாக நின்றது; அதற்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் (ஆங்கிலம், லத்தீன், இந்தி முதலியவற்றுக்குப் பொதுவான தாய்மொழி) அந்த வடிவம் இட வேற்றுமையிலிருந்து கிளைத்தது. இரண்டும் வேறு வேறு காலம். பதிவு அதை ஓரிரு சொற்களில் தாண்டிப் போய்விடுகிறது. கூடுதலாக ஒரு வாக்கியம் போட்டிருக்கலாம்.

வேர்ப்பக்கத்தைச் சொடுக்கத் தவறாதீர்கள். இந்தத் தளத்தின் உண்மையான பலம் அங்கேதான். ‘க்வோ’ என்ற ஒரே வேரின் கீழ் ஹூ, வாட், வென், வேர், ஹவ் எல்லாம் வரிசையாக நிற்கும். கூடவே லத்தீன் வழியாக வந்த குவாலிட்டி, குவான்டிட்டி, கோரம், கோட் ஆகியவையும். மூலத்தின் ‘க்வ’ லத்தீனில் அப்படியே நின்றது. ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ்வ’ ஆயிற்று. இந்தியின் க்யா, கௌன், கப், க்யோன் எல்லாம் ‘க’வில் தொடங்குவதும் இந்த வேரால்தான். தமிழின் எ, யா வினாக்கள் வேறு குடும்பம். ஆனால் ஒரே எழுத்தை வைத்து வினாச்சொற்களை எல்லாம் கட்டும் முறை இரண்டிலும் ஒன்றே. ‘எ’, ‘யா’ சொல் முதலில் நின்று வினாவாகும் என்று நன்னூல் வகுத்துவைத்திருக்கிறது.

இந்தத் தளத்தைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். சொல்லுக்கு முன் உடுக்குறி (*) இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, ஒப்பிட்டு மீட்டமைத்தது. ஆண்டு போட்டிருந்தால் அது எழுத்தில் முதலில் தென்பட்ட காலம், சொல் பிறந்த நாளல்ல. ‘வொய்’யை வியப்புக் குறிப்பாக 16ஆம் நூற்றாண்டிலிருந்து காட்டுகிறார்கள் என்றால், அதற்கு முன் யாரும் அப்படிப் பேசவில்லை என்று ஆகிவிடாது.

ஆனால் இந்தத் தளத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதப் போனால் தவறுதான் வரும். பயன்பாட்டுக்கு லேர்னர்ஸ் அகராதிதான். ஏ. எஸ். ஹார்ன்பி தாய்மொழியாக ஆங்கிலம் இல்லாதவர்களுக்காகத் தொடங்கியது. முதலில் 1942இல் ஜப்பானில் அச்சானது. அந்தப் பிறப்பின் பயன் இன்றும் தெரிகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் நேர்வினாவும் அயற்கூற்று வினாவும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அதில்தான். ‘வொய் யூ ஆர் லேட்?’ என்பது பிழை. நேர்வினாவில் ‘ஆர்’ முன்னே வந்து ‘வொய் ஆர் யூ லேட்?’ ஆக வேண்டும். ‘டெல் மீ’ என்று தொடங்கிவிட்டாலோ தலைகீழ்: ‘டெல் மீ வொய் யூ ஆர் லேட்’. தமிழில் ‘ஏன் தாமதம்?’, ‘ஏன் தாமதம் என்று சொல்’ இரண்டிலும் சொல்வரிசை மாறுவதில்லை. அதனால்தான் இந்தப் பிழை ஒட்டிக்கொள்கிறது.

தேவையில்லாததைச் செய்வானேன் என்ற பொருளில் எழுவாயே இல்லாமல் வெறும் வினையோடு ‘வொய் பாதர்?’ என்று வருவதும், யோசனைக்கு இசையும் ‘வொய் நாட்’டும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. குறை என்று பார்த்தால் தொனி. முதல்முறை சந்திப்பவரிடம் ‘வொய் டிட் யூ கம்?’ என்றால் விசாரணை போல ஒலிக்கும். ‘வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?’ என்பதே நாகரிகம். இதைப் பற்றித் தெளிவான எச்சரிக்கை ஒன்று பதிவில் இருந்திருக்க வேண்டும்.

வியப்புக் குறிப்பைப் பழைய வழக்கு அல்லது அமெரிக்க வழக்கு என்று அடையாளமிட்டிருப்பது நல்லது. மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாக்கியத் தொடக்கத்தில் ‘வொய்’ வந்து உடனே காற்புள்ளி விழுந்தால் அது பெரும்பாலும் வினாவே அல்ல. ‘வொய், இட்ஸ் யூ!’ என்பதை ‘ஏன், அது நீ!’ என்று பெயர்த்தால் கேலிக்கூத்து. ‘அட, நீயா!’ போதும்.

‘வொய்ஸ் அண்ட் வேர்ஃபோர்ஸ்’ என்ற தொடரையும் தந்திருக்கிறார்கள். ‘வேர்ஃபோர்’ இடத்தைக் கேட்பதல்ல, அதுவும் ‘எதற்காக’தான், ஆக அது ‘காரண காரியம்’ போன்ற இரட்டைச்சொல். அடியில் சொற்பிறப்பும் உண்டு, இரண்டு வரிதான். முதல்முறை பார்ப்பவருக்கு அது போதும்.

உச்சரிப்பில் எட்டிமான்லைனும் லேர்னர்ஸும் அதிகம் உதவாது. எழுத்தில் எச் ஏன் இருக்கிறது என்று கேட்பவருக்கு லேர்னர்ஸ் பதில் சொல்லாது. எச் ஒலிக்காத வடிவத்தை மட்டும் தருகிறது. பழைய ஆங்கிலத்தில் எச் முன்னே இருந்தது, அப்படியே ஒலித்தது. நார்மானியர் வருகைக்குப் பிந்தைய எழுத்தர்கள் வரிசையை மாற்றினார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ‘ஹ்வை’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. இதற்கு விக்சனரியையோ மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியையோ திறந்தால் இரண்டு உச்சரிப்பும் கிடைக்கும்.

விக்சனரிக்கு வருவோம். எவரும் திருத்தலாம் என்பதால் ஐயம் வரும் வரியை அதன் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்புப் பெட்டி மூடிய நிலையில் இருக்கும், சொடுக்கித்தான் திறக்க வேண்டும். வினா, வியப்பு என ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பெட்டி என்பதால் தவறான பெட்டியிலிருந்து சொல்லை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் கீழே இறங்கினால் தனிச் சொற்பிறப்புத் தலைப்போடு இன்னொரு ‘வொய்’ இருக்கிறது: இங்கிலாந்தின் வட்டார வழக்கில் கிடேரி. வினாச்சொல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை, எழுத்து மட்டும்தான் ஒன்று. மாட்டுப் பண்ணை பற்றிய பழைய ஆங்கில நூலில் ‘வொய்’ பன்மையில் வந்தால் கேள்விக்குறியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.