அடையாறு ஆலோசகர்: மாத்திரை இல்லை, பேச்சுதான்

தாம்பத்தியம் என்றாலே உடம்பு இறுகிப்போவதால் அடையாறில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய்வருகிறேன். வயதுக்கு வந்தபோது திருவல்லிக்கேணி வீட்டில் தனித்தட்டு, தனிப்பாய் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்களே, அதெல்லாம் மறந்துபோனதாகத்தான் நினைத்திருந்தேன். சம்பவம் மறந்தாலும் அதோடு ஒட்டிய அருவருப்பும் பயமும் தங்கிவிடலாம் என்றார் ஆலோசகர். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஃபிராய்ட் 1905-லேயே சிறுவயதுப் பாலுணர்வைப் பற்றி எழுதியவர்தான். ஆனாலும் ஆலோசகர் எல்லாவற்றுக்கும் ஃபிராய்டையே இழுக்காதது பிடித்தது. முக்கியமாக, நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பதால், "இப்படி நடந்திருக்குமோ?" என்று எதையும் என் வாயில் திணிக்கவில்லை. கட்டணம் கொஞ்சம் அதிகம். காத்திருக்கும் இடத்தில் மறைப்பே கிடையாது, தெரிந்த மாமி யாராவது வந்தால் அவ்வளவுதான்! அடுத்து கணவரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்.